பச்சிலையின் பொட்டலங்கள்

தோணியில் இருந்தவர்கள்: தண்டல் நான். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். தோணியில் எது இருந்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இன்ஜின் டிரைவர் அருள். சரக்கும் கயிறும் பார்க்கும் கலாசி லூர்து. இன்னொரு கலாசி ரீகன். சமையலுக்குப் பண்டாரி. அவருக்குப் பெயர் உண்டு. எங்களுக்குப் பச்சிலை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பீடியை விட்டவர்கள் நிறையப் பேர். பீடியை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட செடியையெல்லாம் சுருட்டிக் குடித்தவர் இவர் ஒருவர்தான்.

டாக்டர் புகையிலையை விடச் சொன்னாராம். விட்டார். புகையை விடச் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. ஊர் சாத்தான்குளம் பக்கம். போய்வந்தால் கோணிப்பை நிறைய இலை வரும். துளசி, தூதுவளை, ஆடாதோடை, நொச்சி. நிழலில் காயவைத்துக் கசக்குவார். ஏரல் சந்தையில் வாங்கிய வாழைச் சருகில் சுருட்டி நூல் கட்டுவார். நொச்சி குடித்த அன்று தோணிப் பூனை கரைக்குத் தாவியது. திரும்பி வரவில்லை. வேப்பிலை குடித்த அன்று நாக்கில் ருசி தெரியாமல் ரசத்தில் மூன்று தடவை உப்புப் போட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் இருமுவார். கேட்டால், "சளி கழலுதுவே" என்பார்.

அந்த முறை மாலத்தீவுக்கு வெங்காயம். நாலு நாள் ஓட்டம். கரை மறைந்ததும் அருளும் கலாசிகளும் பீடிக்கட்டைத் தேடினார்கள். காணோம்.

"கடல்ல போட்டுட்டேன்" என்றார் பச்சிலை.

அருள் கையில் ஸ்பேனர் இருந்தது. "ஓய், ஒம்மையும் சேத்துப் போட்டுருவேன், பாத்துக்கிடும்."

"கோவப்படாதலே. ஆளுக்கு ஒண்ணு, நாளுக்கு ஒண்ணுன்னு மடிச்சு வச்சிருக்கேன். ஊரு போய்ச் சேருமுன்ன பீடி மறந்துரும்."

பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். மருந்துக்கடையில்கூட அவ்வளவு சீராக மடிக்க மாட்டார்கள். ஒருவனும் தொடவில்லை. பீடி இல்லாமல் மூன்று பேரும் மத்தியானம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மத்தியானம் ரோந்துப் படகு வந்தது. இன்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். சின்ன வயசு அதிகாரி. அவருடைய ஆட்கள் மூட்டை மூட்டையாகத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் டப்பா அகப்பட்டது.

"என்ன இலை இது?" என்றார் அதிகாரி.

"மருந்து சார்" என்றார் பச்சிலை.

"எதுக்கு?"

"இழுத்தா நெஞ்சு லேசாயிரும் சார்."

"யாருக்கு விக்கிறே?"

"சேச்சே. சும்மாதான் குடுக்கேன். மொதல்ல வேண்டாம்பானுவ. பொறவு அவனுவளே கேட்டு வருவானுவ."

"செடி எங்கே வளருது?"

"நம்ம வீட்டுப் பொறவாசல்லதான் சார்."

அத்தனையும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் என்னை ஜெயில் பக்கம் தள்ளியது. அருள் கண்ணை மூடிக்கொண்டான். லூர்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டான்.

"தண்டல் யாரு?"

"நான் சார்."

"சோதிக்கிற சாமான் எங்ககிட்ட இல்ல. தோணியைத் திருப்பு. முடிவு வர்ற வரைக்கும் நீ உள்ளதான் இருக்கணும். கஞ்சான்னு வந்தா முதல் பேரு உன் பேருதான்."

கஞ்சாவைப் பச்சிலை தொடமாட்டார். அது தெரியும். ஆனால் அந்தக் கோணிப்பையில் வேறு என்ன செடி விழுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பச்சிலை முன்னால் வந்தார். "தண்டலை எதுக்கு சார் பிடிக்கீய? எல்லாத்தையும் ஒங்க முன்னால குடிக்கேன். மோந்து பாருங்க."

"சும்மா கொளுத்துனா போதாதா?"

"காத்து தூக்கிட்டுப் போயிரும் சார். இழுத்து விட்டாத்தான் என்ன இலைன்னு தெரியும்."

அதிகாரி யோசித்தார். "சரி. ஒண்ணு விடக்கூடாது."

முதல் பொட்டலத்தைப் பச்சிலை சுருட்டிப் பற்றவைத்தார். அதிகாரி மூக்கை நீட்டினார். துளசி. இரண்டாவது, ஆடாதோடை. மூன்றாவதில் இருமல் பிடித்தது. ஐந்தாவதில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். எட்டாவதை நூல் கட்டாமலே பற்றவைத்தார். உதடு கறுத்திருந்தது.

"முடியலன்னா விடுங்க பெரியவரே. கரைக்குப் போவோம்" என்றார் அதிகாரி.

பச்சிலை டப்பாவுக்குள் கைவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அருள் எழுந்து வந்தான். "இங்கன தாரும் ஓய்" என்று பிடுங்கினான். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "தூ, கசாயத்துக்குத் தீ வச்ச மாதிரி இருக்கு. இதையா மருந்துங்கீரு?" என்றான். அணைக்கவில்லை. லூர்து ஒன்று எடுத்தான். ரீகன் ஒன்று எடுத்தான். மாற்றி மாற்றி எடுத்தும் டப்பாவில் மிச்சம் இருந்தது.

நான் பிறந்தது முதல் பீடி தொட்டதில்லை. உட்கார்ந்து கையை நீட்டினேன்.

பச்சிலை இருமலுக்கு நடுவே என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "மெள்ள இழும் தண்டல். அவசரப்படப்பிடாது."

டப்பா காலியாவதற்குள் அதிகாரி பதினைந்து தும்மலாவது போட்டிருப்பார். கஞ்சா வாசம் ஒன்றிலும் இல்லை. "போங்கய்யா, போங்க" என்று படகுக்குத் தாண்டினார்.

பச்சிலை இப்போது தூத்துக்குடி மில்லர்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். முதலில் இருமல் வரும், பிறகு அவர் வருவார். இருமல் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும். உடம்பைக் கேட்பேன். அவர் என் நெஞ்சைக் கேட்பார். என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. நான் ஆயுசில் குடித்தது மொத்தம் மூன்று பொட்டலம்.