எங்கள் வாசல் தண்ணீர்

உடம்பில் உயிர் உள்ளவரை எங்கள் வாசலுக்கு எதிர்த் தண்ணீரில் ஒரு கழிகூட ஊன்ற விடமாட்டேன் என்று சபதம் செய்தேன். காபி குடித்துக்கொண்டேதான் செய்தேன். ஆனாலும் சபதம் சபதம்தான்.

கழிமுகத்து ஓரத்தில் எங்கள் வீடு. படியிறங்கினால் தண்ணீர். அதை யாரோ கழி ஊன்றிக் கயிறு கட்டி மட்டிச் சிப்பி வளர்க்கக் குத்தகைக்குக் கேட்டிருப்பதாக மீன்வளத்துறை பலகை வைத்துவிட்டுப் போயிருந்தது. யாரென்று போடவில்லை.

"கேட்டியா? நம்ம வாசல்ல மட்டி வளர்க்கப் போறாங்களாம்!"

"நான் வீட்டுக்குள்ளேயே ஒண்ணு வளர்க்கறேனே" என்றாள் மனைவி.

"விளையாடாதே. குத்தகைன்னா கழியைக் குத்துற கை. அது பக்கத்து வீட்டு மீசையோட கைதான்!"

"அது பொதுத் தண்ணிங்க. யாருக்கு வேணா கொடுப்பாங்க."

"கரை நம்மது! கரைக்காரனுக்குத்தான் முதல் உரிமை!"

"அடடா! இதை அப்படியே ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு 'அடடா' போடாதவள் போட்டாள். வேலியோரம் அவளும் மீசையும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் வெயில் அதிகம் என்பார்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

மீன்வளத்துறை ஆபீஸில் விசாரணை நடந்த நாளில் அவளும் வந்தாள். பின்வரிசையில் மீசை. நான் மேசையைத் தட்டி முழங்கினேன். "சார், வெளியாளுக்குக் கொடுத்தா நாங்க தண்ணியில கால் வைக்க முடியுமா? யாருக்காவது கொடுத்தே ஆகணும்னா, கரை வீட்டுக்காரங்களுக்கே கொடுங்க!"

அதிகாரி தலையாட்டினார். "ஒரு கம்பெனியும் கேட்டிருக்கு, ஒரு கரை வீட்டுக்காரங்களும் கேட்டிருக்காங்க. குழம்பிட்டிருந்தேன். நீங்க தெளிவாக்கிட்டீங்க. கம்பெனிக்கு இல்லை."

மீசையைத் திரும்பி முறைத்தேன். "ஜெயிச்சிட்டீங்க இல்ல?"

"நானா? தங்கச்சிக்குக் கயிறு முடிச்சுப் போடக் கத்துக்கொடுத்தேன், அவ்வளவுதான்."

"எந்தத் தங்கச்சிக்கு?"

அதிகாரி கேட்டார்: "உங்க வீடு யார் பேர்ல இருக்கு?"

"மாமனார் கொடுத்தது. மனைவி பேர்ல..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவங்கதான் கேட்டிருக்காங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எனக்கு எதிரா இல்ல முழங்கியிருப்பீங்க?"

மறுநாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முதல் கழியை ஊன்றினேன். படியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த முதலாளியம்மா சொன்னாள்: "கோணலா இருக்கு. பிடுங்கிட்டு மறுபடி ஊனுங்க."