திங்கட்கிழமைப் பேய்

புத்தூரில் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார்கள். அறிவு முறிந்தால் நாகையா சாமியிடம் அனுப்புவார்கள். ஆந்திர ராஜ்யம் பிறந்து, எங்கள் ஊர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பெரியவர்கள் கோடு கிழித்துக்கொண்டிருந்த காலம். சாமி வாசலில் மட்டும் இரண்டு பக்கத்துக் கூட்டமும் சண்டையில்லாமல் வரிசையில் நின்றது.

எல்லாம் ஏகாம்பர முதலாளியின் பித்தளைப் பட்டறை ஆட்கள் செய்த விளம்பரம். திங்கட்கிழமை பொழுது சாய்ந்தால் உருக்குகிறவர்களுக்குக் குளிர்காய்ச்சல். பல் தந்தியடிக்கும். சாமி விபூதி கொடுப்பார். புதன்கிழமைக்குள் காய்ச்சல் போய்விடும். கொடுக்காவிட்டாலும் போகுமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பாவம், விபூதியின் மனம் புண்படுமே.

சாமி ஆராய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத உலையில் பேய் குடியேறுகிறது, ஆகவே லீவு கூடாது என்றார். முதலாளி பக்தியோடு லீவை நிறுத்தினார். நிஜமாகவே காய்ச்சல் குறைந்தது. இருமல் மட்டும் ஏழு நாளும் வேலைக்கு வந்தது.

உலைக்காரன் துலுக்காணம் நாலடி நடந்தால் மூச்சு வாங்கினான். அதே பட்டறையில் கரி சுமக்கும் அவன் பெண்சாதி பாப்பாத்தி, வாரத்தில் ஒரு நாளாவது அவன் நல்ல காற்றில் கிடக்கட்டும் என்று லீவைக் கேட்டாள். பேயைப் பிடித்தால் தருகிறேன் என்றார் முதலாளி, ஊரறிய.

பாப்பாத்தி கூட்டத்தின் நடுவே சாமியைக் கும்பிட்டாள்.

"சாமி, நீங்க லீவே போடறதில்ல. பேயி உங்கள அண்டாது. ஒரு நாளு உலைகிட்ட குந்திகினு அதப் புடிச்சிக் குடுங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியால் தப்ப முடியவில்லை.

பித்தளை கொதித்தது. துத்தநாகத்தின் வெள்ளைப் புகை, அடைத்த தகரக் கூரைக்குக் கீழே சுழன்றது. சாமி அதை இழுத்து இழுத்து மந்திரம் சொன்னார். வாய் தித்திக்கிறது, அம்மன் வந்துவிட்டாள் என்று அறிவித்தார். சாயங்காலம் மூன்று கம்பளிக்குள் கிடுகிடுவென ஆடினார். அருள் என்று நினைத்து ஒருவன் தேங்காய் உடைத்தான்.

பாப்பாத்தி அவருடைய விபூதியையே நீட்டினாள்.

"அத அப்பால வெச்சிட்டு டாக்டரக் கூப்புடு" என்றார் சாமி.

"நீங்க எந்த ஞாயித்திக்கிழமை லீவு போட்டீங்க சாமி?"

சாமி கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாப்பாத்தி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பொகதான் பேயி. புச்சா துன்றவனுக்கு ஒடம்பு ஒதறுது. ஒரு நாளு வுட்டுட்டுத் துன்னாலும் ஒதறுது. தெனம் துன்றவனுக்கு ஒதறாது, உள்ளயே அறுத்துகினு கெடக்கும்."

அன்றைக்கே ஆட்கள் ஏறிக் கூரையில் நாலு தகரத்தைப் பிடுங்கினார்கள். பேய் பிடிபட்டதால் முதலாளியும் லீவைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

பேய் என்று யாராவது சொன்னால் முதலில் அண்ணாந்து பாருங்கள், ஐயா. கூரையில் ஓட்டை இல்லையென்றால், அது நம் மண்டையில் இருக்கிறது.