கேப்டன் உறையில் கை வைக்க மாட்டார்

இனிமேல் படகு உறையில் கை வைப்பதில்லை என்று கேப்டன் ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். பெரிய முடிவுகளை அவர் எப்போதும் வாயில் நுரையோடுதான் எடுப்பார். குறுக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை பாருங்கள்.

கேப்டன் என்றதும் தொப்பி, மீசை, நடுக்கடல் என்று கற்பனையை ஓட்டவேண்டாம். அவர் நில அளவையாளர். வாழ்நாள் முழுவதும் தரையை அளந்த மனிதர். வீட்டு முற்றத்தில், டிரெய்லர் மேல், ஒரு சின்னப் படகு வைத்திருந்ததால் தெருவில் கிடைத்த பட்டம் அது. அந்தப் படகு போய்த் தண்ணீரைப் பார்த்ததைவிட, மழைக்காலத்தில் தண்ணீர் வந்து அதைப் பார்த்ததே அதிகம். ஆனாலும் ஞாயிறு மதியம் அதில் தலையணை போட்டுக் காலை நீட்டிப் படிப்பதற்காகத்தான் மற்ற நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார்.

அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஊசி வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களோடு அவர் வாதாடுவதே இல்லை. "வேண்டாமா? சரி" என்பார். அந்தச் 'சரி' காதில் விழுந்து முடிவதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் கேப்டனுக்கு அர்த்தம் பிடிபடாத சொல் அது ஒன்றுதான்.

உறை, துணி உறை. வாங்கியபோது நீலம். இப்போது அதன் நிறம் குறித்து வீட்டில் இரண்டு கட்சி. ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை. நடுவில் பறவைகள் வந்து அபிப்பிராயம் தெரிவித்துவிட்டுப் போயிருந்தன. முந்தைய உறையை ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டவர் கேப்டன். திரும்ப எடுத்தபோது அது மடிப்பு மடிப்பாகக் கையோடு வந்தது. இந்த உறையைப் போன வருடம் துவைத்துக் கொடியில் காயப்போட்டவரும் அவர்தான். காய்ந்த துணி சுருங்கி, அதிலிருந்த பட்டனுக்கும் படகிலிருந்த குமிழுக்கும் இடையே ஒரு சாண் பகை விழுந்துவிட்டது. மறுபடி நனைத்து, இழுத்து மாட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்றைய வைராக்கியம் பிறந்தது அந்த இடுப்பில்தான்.

"கவரைத் துவைக்கணுங்க. நாத்தம் சமையலறை வரைக்கும் வருது."

"முடியாது."

"அப்ப புதுசா மாத்திடலாமா?"

"அதுவும் முடியாது. அளவெடுக்கணும், தைக்கணும், பட்டன் அடிக்கணும். எல்லாத்துக்கும் நான்தான் குனியணும்."

"சரி. என் தம்பி ரொம்ப நாளா படகைக் கேட்டுட்டிருக்கான். சாயங்காலம் வரான். அப்பவும் கவர் இப்படியே இருந்தா, படகு அவனோட போகும்."

கேப்டன் நுரையை விழுங்கிவிட்டார்.

"உன் தம்பிக்கா? அவனுக்கு பக்கெட் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்துமே."

"அவன் தலை சுத்தட்டும். என் வாசல் சுத்தமாகட்டும்."

"என் பிணத்தைத் தாண்டித்தான் அது கேட்டைத் தாண்டும்."

"இங்க பாருங்க, என்ன வேணா பண்ணுங்க. அந்தப் படகுக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டு மட்டும் அடம் பிடிக்காதீங்க. நீங்க உள்ள இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த நிமிடம் வரை கேப்டனுக்கு அப்படியொரு யோசனையே இல்லை.

கொஞ்ச நேரத்தில், தலையணையும் தடித்த புத்தகமும் கையுமாக, பின்பக்கம் நாலைந்து பட்டனைக் கழற்றி உள்ளே நுழைந்தார். 'உறை' என்றால் மூடி. 'உறை' என்றால் தங்கியிரு. 'உறை' என்றால் குளிரில் இறுகிப்போ. அகராதியில் இவை வேறு வேறு வரிகள். கேப்டன் ஒரே நாளில் மூன்றையும் முடித்துவைத்தார்.

"நான் உள்ளே வந்தாச்சு," என்று துணி வழியாக அறிவித்தார். "இனி இதை யாரும் கழட்ட முடியாது, துவைக்க முடியாது, படகை இழுத்துட்டுப் போகவும் முடியாது."

"சரிங்க," என்றது வெளியே குரல்.

டிக், டிக், டிக் என்று அவர் கழற்றிய பட்டன்கள் திரும்ப மாட்டிக்கொண்டன. நோயாளி புரண்டாலும் கலையாதபடி மெத்தை விரிப்பைச் செருகும் கை அது. பட்டன்கள் வெளியிலிருந்து மட்டுமே திறப்பவை என்பதைக் கேப்டன் யோசித்துப் பார்த்ததில்லை. நல்லவேளை, காற்றுக்காக உறையில் ஒரு வலைச் சன்னல் இருந்தது.

முதலில் துடைப்பம் வந்தது. தலைக்கு மேல் வறட் வறட் என்று பெருக்கும் சத்தம். கேப்டன் கொதித்துப்போய், உள்ளிருந்து இரண்டு முஷ்டியாலும் துணியைக் குத்தினார். காய்ந்து ஒட்டியிருந்த பறவைகளின் அபிப்பிராயங்கள் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தன.

மதில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு டிரம்ஸ் வாத்தியார் தலை முளைத்தது.

"என்னக்கா, படகு இந்த அடி அடிக்குது?"

"கேப்டன் உள்ள இருக்கார். போராட்டம்."

"அடி சுத்தமா விழுது. இடது கைதான் கொஞ்சம் சோடை."

அரைகுறை ரசிகனின் விமர்சனத்தைக் கேப்டனால் சகிக்க முடியவில்லை. இடது பக்கம் வெளுத்து வாங்கினார். அந்தப் பக்கமும் சுத்தமானது.

அடுத்து, சில்லென்று ஹோஸ் தண்ணீர்.

"ஏய், கவரைக் கழட்டாம எப்படித் துவைப்பே?"

"படகு மேலேயே வச்சுத்தாங்க துவைக்கணும். கழட்டினா சுருங்கும்னு போன வருஷம் கண்டுபிடிச்சதே நீங்கதானே."

நடுவில் குளமாகத் தேங்கிய தண்ணீர் துணியோடு தாழ்ந்து வந்து கேப்டன் வயிற்றில் உட்கார்ந்தது. உறை நடுவில் தொங்காமல் உள்ளிருந்து முட்டுக்கொடுக்க முன்பு ஒரு கம்பு இருந்தது. அதை அவர் ஒட்டடை அடிக்க எடுத்துப்போய் உடைத்திருந்தார். வேறு வழியில்லாமல் முதுகால் முட்டித் தள்ளினார். தண்ணீர் இரு பக்கமும் வழிந்தது. தள்ளிய இடத்தில், மேலே, சோப்பு நுரையோடு மென்மையான ஒரு பிரஷ் வந்து உட்கார்ந்தது.

"வலது ஓரத்துக்கு மட்டும் வராதீங்க," என்றார் மனைவி. "அங்கதான் பூஞ்சை. நான் தேய்க்கணும்."

கேப்டன் தவழ்ந்து வலது ஓரத்துக்குப் பாய்ந்து, முதுகால் அழுத்தி அடைத்துக்கொண்டார். நனைந்து தொளதொளத்த துணியில் பிரஷ் எங்கே நிற்கும்? அடியில் ஒரு நில அளவையாளரின் முதுகு கிடைத்ததும் பூஞ்சை பயந்து விலகியது.

"முன்பக்கம் வேண்டாங்க" என்றபோது முன்பக்கம் போனார். "மூலையை விட்டுடுங்க" என்றபோது மூலையைப் பிடித்தார். ஒரு சுற்று முடிந்தது. 'உறை'க்கு நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

உடனே குப்புறப் படுத்து, மரக்கட்டையாகக் கிடந்தார்.

"அசைய மாட்டேன். இனி ஒரு விரல் அசையாது."

"சரிங்க. அலசற தண்ணி இன்னும் விடலை."

விட்டார். குளம் மறுபடி இறங்கியது. தண்ணீரைத் தடுக்கும் திராணியை எப்போதோ இழந்துவிட்ட துணி வழியே, முதுகில் சொட்டி, புத்தகத்தில் ஊறியது. கேப்டன் மானஸ்தர். கதையின் கொலைகாரன் பெயர் மை கரைந்து மறையும்வரை தாங்கினார். பிறகு முதுகு தானாக எழுந்துகொண்டது.

"சரி, திற. நான் வெளியே வரேன்."

"வரலாங்க. ஆனா இழுத்துக் கட்டின நிலையிலேயே காயணும். நடுவுல குழி விழுந்தா தண்ணி தங்கும், திரும்பப் பூஞ்சை வரும், திரும்பத் துவைக்கணும். தம்பி வேற வந்துடுவான்."

கேப்டன் உள்ளேயே இருந்தார். மண்டியிட்டு, முதுகைக் கூரையாக்கி, வெயில் மறு ஓரம் சேரும்வரை. வலைச் சன்னலின் கிழிசல் வழியாக ஒரு ஸ்ட்ரா நீண்டது. உறிஞ்சினார். காபி. சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் அவரை மிகவும் அவமானப்படுத்தியது.

சாயங்காலம் தம்பி வந்தான். படகை இழுக்கும் வண்டி எதுவும் இல்லை. ஸ்கூட்டரில் வந்தான், கையில் ஒரு ஸ்பிரே டப்பா.

"அக்கா, துணியில தண்ணி ஒட்டாம இருக்க மருந்து கேட்டியே, இந்தா. எங்க மாமா?"

படகின் நடுவில் இருந்த மேடு பேசியது. "படகை எடுத்துட்டுப் போக வந்தியா?"

"எனக்கெதுக்கு மாமா படகு? பக்கெட் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்துதே."

டிக், டிக் என்று பட்டன்கள் திறந்தன. கேப்டன் நிமிர முடியாமல் வெளியே வந்தார். உறை நீலமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. மருந்தை அடித்துக்கொண்டிருந்த மனைவியை முறைத்தார். மதில் மேல் வாத்தியார் தலை இன்னும் இருந்ததால், குரலை உயர்த்தினார்.

"ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும். நான் ஒரு பிரஷ்ஷைக்கூடத் தொடலை. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்."

"ஆமாங்க."

"எவன் வந்தாலும் படகு இங்கேதான். அடுத்த வருஷமும் இதே கதைதான். கவர்ல கை வச்சே, நான் உள்ளே ஏறிடுவேன். யார் மிரட்டலுக்கும் பணிய மாட்டேன்."

"சரிங்க," என்றார் மனைவி. "அப்ப புதுக் கம்பு வாங்கலை."