ஏமஸ் ஸ்டக்கி எதையும் திருடவில்லை

பிக்கெட் மில்ஸ் ஊரில் சாவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு உரிமையை அரசாங்கம் இன்றுவரை மதித்து வருகிறது. செத்தபிறகு குன்றின் மேல் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் படுக்கத்தான் மூன்று பிரதிகளில் விண்ணப்பமும் உரிய ஆதாரங்களும் வேண்டும்.

முன்பு அப்படி இல்லை. பிறகு ஊரில் முன்னோர் காய்ச்சல் பரவியது. ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள் மீன் பிடிப்பதை விட்டுவிட்டு, எங்கள் மாவட்டமான பிளென்னர் கவுண்டியின் நீதிமன்றக் கீழ்த்தளத்தில் உள்ள பதிவறையில் போய் உட்கார்ந்தார்கள். பாட்டனுக்குப் பாட்டன் இந்த மண்ணில் எந்த வருஷம் கால் வைத்தான் என்று தேடினார்கள். 1830க்கு முன் வந்தவனின் வாரிசு என்று நிரூபித்தவர்களுக்கு, முதற்குடிகள் சங்கம் ஒரு சான்றிதழும் ஒரு பதக்கமும் கொடுத்தது.

பதக்கத்தில் இருந்தது பன்றியின் காது. அந்தக் காலத்தில் பன்றிகள் காட்டில் அவிழ்த்துவிட்டபடி மேயும். யாருடைய பன்றி எது என்று தெரிய, ஒவ்வொரு வீட்டாரும் அதன் காதை ஒரு விதமாக வெட்டி, அந்த வெட்டை நீதிமன்றத்தில் பதிந்துவைப்பார்கள். அரசர்கள் கொடியில் சிங்கத்தைப் போட்டதுபோல, எங்கள் பெருங்குடி மக்கள் வெட்டுப்பட்ட காதை நெஞ்சில் குத்திக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார்கள். இடக்காதில் இரண்டு வெட்டு உள்ள குடும்பம், வலக்காதில் ஒற்றை ஓட்டை உள்ள குடும்பத்தின் பக்கத்தில் உட்காராது.

குன்றின் மேல் மிச்சம் பதினோரு இடங்கள். அவை சங்கத்தின் சான்று பெற்றவர்களுக்கு மட்டுமே என்று கவுண்டி நிர்வாகம் தீர்மானம் போட்டது.

டெல்மர் ஸ்டக்கிக்கு எழுபத்துநாலு வயது. முப்பத்தோரு வருஷமாக அந்தத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர். நாலு வருஷத்துக்கு முன் மனைவி ஆர்டித்தை அங்கேதான் புதைத்தார். ஊர் வழக்கப்படி ஒரே கல்லில் இரண்டு பேர் பெயரையும் பொறித்தாயிற்று. இடது பாதியில் ஆர்டித், பிறப்பு, இறப்பு. வலது பாதியில் டெல்மர், பிறப்பு, அப்புறம் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அடுத்து வர வேண்டிய வருஷத்துக்காகக் கல் காத்துக்கொண்டிருந்தது. டெல்மரும் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தார்.

தீர்மானத்துக்குப் பின் கடிதம் வந்தது. மேற்படி நபரின் வம்சம் நிரூபிக்கப்படும்வரை மேற்படி கல்லின் வலது பாதி தார்ப்பாயால் மூடப்பட வேண்டும். புல் வெட்டும் பணியாளர் இதை உடனடியாக நிறைவேற்ற வேண்டும். புல் வெட்டும் பணியாளர் தார்ப்பாயை எடுத்துப்போய்த் தன் பெயரைத் தானே மூடிவிட்டு, நேராகப் பதிவறைக்குப் போனார்.

பதிவறை அதிகாரி லைல் பீமர் நல்லவன்தான். இருபது வருஷ அலுவலகக் காற்றுதான் அவனைக் காகிதத்தை மட்டும் நம்புகிறவனாக ஆக்கியிருந்தது. டெல்மர் தன் குடும்பத்துப் பழைய பைபிளை மேஜைமேல் வைத்தார். அதன் முன்தாளில், கோடரியோடு 1822இல் வந்த ஏமஸ் ஸ்டக்கியில் தொடங்கி ஏழு தலைமுறையும் எழுதியிருந்தது. லைல் முன்தாளைப் பார்க்கவில்லை. அச்சிட்ட வருஷத்தைப் பார்த்தான். 1884. ஏமஸ் பிறந்தபோது இந்தப் புத்தகமே பிறக்கவில்லை, ஆகவே இது பிற்காலத்துக் கட்டுக்கதை என்று மூடிவைத்தான்.

குன்றின் மேல் ஏமஸின் கல்லறையே இருக்கிறதே, அதைச் சுற்றித்தானே வாரா வாரம் புல் வெட்டுகிறேன் என்றார் டெல்மர்.

“கல்லறை இங்க செத்தார்ங்கறதுக்கு ஆதாரம், டெல்மர். இங்க இருந்தார்ங்கறதுக்கு இல்ல.”

“இருக்காமலா செத்தாரு?”

“போற வழியில செத்திருக்கலாம். கல்ல விடுங்க. ஏதாவது திருடினாரா?”

“யாரு?”

“உங்க ஏமஸ். திருட்டு, அடிதடி, குடிச்சிட்டுக் கலாட்டா, அடுத்தவன் வேலியப் பிடுங்கினது, எதுனா சரி. பழைய கேஸ்ல வந்தவங்க பேரும் பக்க எண்ணும் இருக்கிற கோர்ட்டு அகரவரிசைப் புத்தகத்துல பேர் வந்திருக்கணும், அவ்வளவுதான். கோல்சன் அம்மாவோட பாட்டனுக்கு பதினாலு கேஸ். சும்மாவா சங்கத் தலைவர் ஆனாங்க?”

டெல்மர் யோசித்துப் பார்த்தார். ஏமஸ் எதையும் திருடியதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. வரி கட்டினார், தன் வேலையுண்டு தானுண்டு என்று இருந்தார், யாரோடும் சண்டையில்லை. அதைக் கேட்டு லைல் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

“நல்லவங்களால எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு கோழியாவது திருடியிருக்கக் கூடாதா மனுஷன்?”

எண்பத்தோரு வயதான வினிஃப்ரெட் கோல்சன் அம்மையார், பதினாலு வழக்குகளின் பெருமையோடு மறுநாள் டெல்மரை அழைத்தார். ஆப்பிள் பைப் பணியாரம் ஒரு துண்டு கொடுத்தார். சங்கம் இரக்கமற்றது அல்ல என்றும், அகரவரிசையில் ஒரு ஸ்டக்கி இருப்பதாகவும் தெரிவித்தார். ஜே. ஸ்டக்கி, 1827, ஆண்பன்றித் திருட்டு, பக்கம் 212. அவரைப் பாட்டனாக ஏற்றுக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் தார்ப்பாயை எடுத்துவிடலாம்.

“எங்க பாட்டன் பேரு ஏமஸ், மேடம். அவரு நல்ல மனுஷன்.”

“அது நீங்க சொல்றது. ஜே. திருடன்னு காகிதம் சொல்லுது. நாங்க எதை நம்பறது?”

நிறையப் பேர் இப்படித்தான் முன்னோரைத் தேர்ந்துகொண்டார்கள் என்றும், எடுத்துக்கொண்ட பாட்டனோடு பழகிப்போய்விடும் என்றும் அம்மையார் சொன்னார். டெல்மருக்கு ஆர்டித்தின் முகம் நினைவுக்கு வந்தது. தனியே தூங்கப் பிடிக்காதவள். பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் டெல்மர் லேசில் எதையும் விடுகிற ஆள் இல்லை. ஒரு யோக்கியனைக் கொடுத்து ஒரு திருடனை வாங்கும்போது, குறைந்தபட்சம் அந்தப் பன்றி எவ்வளவு பெரியது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். பக்கம் 212ஐக் காட்டினால் கையெழுத்து.

லைல் திகைத்துப்போனான். அகரவரிசையைத் தவிர எந்தப் புத்தகத்தையும் இதுவரை யாரும் கேட்டதில்லை. நூற்று அறுபத்துமூன்று சான்றிதழும் அகரவரிசையைப் பார்த்துக் கொடுத்தவைதான். அலமாரிச் சாவியைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பக்கம் 212இல் பன்றி இல்லை. ஓடைப் பாலத்துக்குப் பலகை வாங்கிய விவரம் இருந்தது. கோல்சனின் பதினாலு வழக்குகளைத் தேடினார்கள். பதினாலு இடத்திலும் சாலைப் பராமரிப்பு. பன்றிக் காதுகளுக்கான இடத்தில் ஓநாய் கொன்றவர்களுக்கு வெகுமதி.

அகரவரிசைப் புத்தகத்தின் கடைசித் தாள் அட்டையோடு ஒட்டியிருந்தது. லைல் கத்தியால் பிரித்தான். உள்ளே அழகான கையெழுத்து: ‘டார்பி கவுண்டி நீதிமன்றத்தின் உடைமை. மாதிரி பார்க்க மட்டும் இரவல். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும். 1871.’

அந்த வருஷம் நீதிமன்றம் தீப்பிடித்ததில் எங்கள் அகரவரிசை மட்டும் எரிந்துபோனது. புதிதாக எழுதுவதற்கு மாதிரியாக நாற்பது மைல் தள்ளியிருக்கும் டார்பியிலிருந்து இதை வாங்கியிருக்கிறார்கள். பிறகு எழுதவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. ஊரே நெஞ்சில் குத்தியிருந்த காதுகள் அத்தனையும் டார்பிப் பன்றிகளின் காதுகள்.

நம் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படித்தால் நம் ஊர்க்காரர்கள் யாரென்று தெரிந்துவிடுமே என்று டெல்மர் சொன்னார். படிப்பது விதிகளில் இல்லை என்று லைல் சொன்னான்.

விஷயம் டார்பிக்கு எட்டியது. எங்கள் திருடர்களை இத்தனை காலம் நீங்கள் பாட்டன் என்று சொல்லி அனுபவித்தீர்களா என்று அவர்கள் புகார் கொடுத்தார்கள். கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீப் மெர்ல் பேக்ஸ்டர் புத்தம்புதிய தடித்த பதிவேடு ஒன்றைத் திறந்து, திருட்டுப் பொருளை அனுபவித்த குற்றத்துக்காகச் சங்கத்து உறுப்பினர்கள் நூற்று அறுபத்துமூன்று பேரையும் எழுத ஆரம்பித்தார்.

முதல் நாள் அவமானத்தில் அழுதார்கள். இரண்டாம் நாள் அம்மையார் தன் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, விலாசம், பத்து விரல் ரேகை, பக்க எண். இவ்வளவு அருமையான ஆவணம் கவுண்டியில் யாருக்குமே கிடைத்ததில்லை என்று அவருக்கு உறைத்தது. மூன்றாம் நாள் எல்லோரும் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு விரல் ரேகை கொடுக்க வந்தார்கள்.

சங்கம் கூடித் தீர்மானித்தது: 1830க்கு முந்தைய ஆதாரம் எவருக்கும் இல்லாத நிலையில், இருப்பதில் மிகப் பழைய ஆதாரம் எதுவோ அதுவே முதல். அந்த வகையில் போன செவ்வாய்க்கிழமை ஷெரீப் திறந்த பதிவேட்டில் உள்ளவர்களே பிளென்னர் கவுண்டியின் முதற்குடிகள். குன்றின் மேல் பதினோரு இடமும் அவர்களுக்கே.

டெல்மர் பெயர் அதில் இல்லை. அவர்தான் கையெழுத்துப் போடவில்லையே. மறுநாள் மத்தியானம் ஷெரீப் முன்னால் போய் நின்றார்.

“நானும் அந்த அகரவரிசைய அனுபவிச்சேன், மெர்ல். எழுதிக்கோ.”

“எங்க அனுபவிச்சீங்க? ஒரு குண்டூசி தொட்டவர் இல்ல நீங்கன்னு ஊரே சாட்சி சொல்லும். கண்டவங்களையும் திருடன்னு எழுத முடியாது. சட்டம்னு ஒண்ணு இருக்கு.”

“நானே சொல்றேனே, நான் திருடன்தான்னு.”

“நாளைக்கு எவன் வேணா வந்து சொல்லுவான். காகிதம் வச்சிருக்கீங்களா?”

டெல்மர் மேஜையைப் பார்த்தார். பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். மெர்ல் அதைக் கீழே வைக்கச் சொன்னார்.

“பாத்தியா, திருட்டு. உன் கண்ணு முன்னாலயே. இப்ப எழுது.”

ஷெரீப் பேனாவை எடுத்தார். வெறும் மேஜையைப் பார்த்தார்.

“எதுல எழுதறது?”

“அது உன் ஆபீஸ் பாடு.”

கைது செய்யப் பதிவு எண் வேண்டும். எண் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு தெரு முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை கல்லின் வலது பாதிக்கு முன்னால், முப்பத்தோரு வருஷப் பழக்கத்தோடு டெல்மர் புல்லைப் பாளமாக வெட்டி எடுத்தார். ஆளாழம் தோண்டினார். சாக்கில் சுற்றிய பதிவேட்டை உள்ளே வைத்து மண் தள்ளி, புல்லை ஒட்டினார். யாரிடமும் மறைக்கவில்லை. சங்கமே மண்வெட்டியோடு குன்றேறி வந்தது. ஆனால் ஒரு இடத்தைத் தோண்ட அந்த இடத்துக்கு உரியவரின் கையெழுத்து வேண்டும் என்பது சங்கமே போட்ட விதி. உரியவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, பதிவேடு அந்த மண்ணுக்குள் இருக்கிறது. கையெழுத்தில்லாமல் தோண்ட விதி ஒரே ஒரு காரணத்தைத்தான் அனுமதித்தது: அந்தக் கல்லில் பெயருள்ளவரை அடக்கம் செய்வதற்கு.

அன்று மாலையே ஏகமனதாகத் தீர்மானம் வந்தது. டெல்மர் ஸ்டக்கியை எந்த ஆதாரமும் கோராமல், அந்த இடத்திலேயே, வேறெங்கும் அல்ல, அடக்கம் செய்ய வேண்டும். இயன்றவரை விரைவில்.

இப்போது ஞாயிறுதோறும் அம்மையார் ஆப்பிள் பை கொண்டுவருகிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கவலையோடு விசாரிக்கிறார். குன்று ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறார். அருமையாக இருக்கிறது என்று டெல்மர் சொல்லும்போதெல்லாம் அம்மையாரின் முகம் தொங்கிவிடுகிறது.

இந்த இரண்டு வருஷத்தில் சங்கத்து உறுப்பினர்கள் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். யாரிடமும் ஆதாரம் இல்லாததால், டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் உள்ள புது மயானத்தில் அவர்களைப் புதைத்தார்கள். அங்கும் புல் வெட்டுவது டெல்மர்தான்.