சட்டையில் குத்திய மைக்

ஜெயகுமாரின் போனில் சத்தம் அளக்கும் ஊசி அசையவே இல்லை. கோயிலில் கட்டிய புது ஸ்பீக்கர் தாங்கள் குடியிருக்கும் கீழ் லயத்து வீடுகளுக்குக் கேட்கவில்லை என்று மனைவி சுபாஜினி குறை சொன்னதால், வயரில்லாத மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்றபடி வீடு வரை நடந்து வந்திருந்தார். வழியில் தோட்டத்து ஆட்களுக்குப் பேர் பதியும் பெரட்டுக்களம் வரை துள்ளிய ஊசி, அதைத் தாண்டியதும் படுத்துவிட்டது.

"கோயில் தலைவரு பாடுறதுக்கு இது போதும்" என்று அடுப்படியில் உட்கார்ந்தார். "அவரு வாயத் தொறந்தா ஸ்பீக்கருக்கே காய்ச்சல் வந்துரும்."

"சம்பந்தியாகப் போறவர இப்படியா பேசுறது?"

"சம்பந்தியம்மா மட்டும் என்னவாம்? போன திருவிழாவுல அவங்க வச்ச பொங்கல நாயிக்குத்தான் போட்டேன்."

தேத்தண்ணிக்குக் கை நீட்டியபோதுதான் பார்த்தார். மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று அணைத்தார்.

"போச்சு. நமக்குத்தான் கேக்காது. மேல கோயில்ல எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

"வெள்ளிக்கிழம நம்ம மகளுக்குப் பரிசம் போட வர்றாங்க" என்றாள் சுபாஜினி. "ஓடிப்போய் கால்ல விழுங்க."

கோயிலில் தலைவர் சின்னராசா பல்லில் நூலைக் கடித்தபடி தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. கோபம்தான் என்று ஜெயகுமார் நேரே போய்க் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி."

"எதுக்குங்க?"

தெரியாத மாதிரி கேட்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று ஜெயகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க பாடுனா ஸ்பீக்கருக்குக் காய்ச்சல் வரும்னு சொன்னது தப்புதாங்க."

தோரணம் கீழே விழுந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நிற்பாரா மனுஷன்? கரண்டியோடு வந்த சின்னராசாவின் மனைவி ஜெயலெட்சுமியையும் கும்பிட்டார்.

"அம்மா, பொங்கல நாயிக்குப் போட்டது உண்மதான்."

"எந்தப் பொங்கல?"

"போன வருஷம் நீங்க வச்சதுங்க. ஆனா நாயி ஒரு பருக்க விடாம தின்னுச்சு."

அந்த அம்மாவின் முகம் கறுத்தது. கோயிலில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஜெயகுமாருக்கு வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"பரிசத்த மட்டும் நிறுத்திராதீங்க. ஊரே கேட்ட பெறகு மறைச்சு என்னங்க செய்ய?"

ஹாலிஎலயிலிருந்து ஸ்பீக்கர் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த றிஸாத், அவர் சட்டையிலிருந்து மைக்கை மெல்லக் கழற்றினார்.

"இதக் கொண்டு எங்கண்ணே போனீங்க? இது பெரட்டுக்களத்தத் தாண்டினா எடுக்காது. அதத் தாண்டி நீங்க கீழ எறங்கினதுலேருந்து இங்க ஒரு சத்தமும் வரல."