பதினொரு கைக்கடிகாரங்கள்

உடல்நலமே நிர்வாக நலம் என்ற உயரிய நோக்கத்தை முன்னிட்டு எங்கள் இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஏரியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கும் ட்ரையத்லான் என்ற போட்டியில் அதிகாரிகள் கட்டாயமாகவும், எழுத்தர்கள் விருப்பத்தின்பேரில் கட்டாயமாகவும் கலந்துகொள்ள வேண்டும். அவரவர் கடிகாரமே தூரத்தையும் நேரத்தையும் கணக்கெடுத்து அனுப்பிவிடும். முடிக்காதவர் பெயர் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்பட மாட்டாது. வேறெங்கோ ஓர் இயக்குநர் இப்படிச் செய்து பத்திரிகையில் படம் வந்ததாகக் கேள்வி.

எங்கள் துணை இயக்குநர் உண்மையாகவே முயன்றார், அதை நான் மறைக்கக் கூடாது. விடியற்காலையில் நீச்சல் குளத்தில் இறங்குவார். அவருடைய எழுத்தரான நான் கரையில் கோப்புகளோடு நிற்பேன். இந்த முனையைத் தொட்டால் ஒரு கையெழுத்து, அந்த முனையைத் தொட்டால் இன்னொன்று. ஒரு வாரத்தில் அவர் நீந்தியதைவிட நான் ஓடியதுதான் அதிகம். மூன்று கோப்புகளில் மை கரைந்துபோய், 'நனைந்த நிலையில் ஒப்புதல் பெறப்பட்டது' என்று குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. வீட்டிலோ அவர் மனைவி, "இருட்டுல வர்றீங்க, இருட்டுல கெளம்புறீங்க. நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?" என்று கேட்டுவிட்டாராம்.

எட்டாம் நாள் துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் லீவுல இருந்தா எனக்குப் பதிலா யாரு கையெழுத்துப் போடுறா?"

"பிரிவுத் தலைவர் போடுவார் சார். 'துணை இயக்குநருக்காக'ன்னு."

"செல்லுமா?"

"தாராளமா செல்லும்."

"இன்னொருத்தர் கை எனக்காக வேலை செய்யலாம்னா, கால் ஏன் செய்யக் கூடாது?"

விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கூடாது என்று எங்கும் இல்லை.

அப்படித்தான் கடிகாரம் சக்கரத்தின் கைக்குப் போனது. எங்கள் தபாலைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஐம்பது வயது. பதினாலு வருஷமாகத் தற்காலிகப் பணி.

"வேலை நிரந்தரம் ஆயிடும்ல சார்?" என்று அவர் கேட்டார்.

"ஓடி முடிங்க. உங்க ஃபைல்ல முதல் கையெழுத்து என்னோடதுதான்" என்றார் துணை இயக்குநர்.

எங்கள் அலுவலகத்தில் ரகசியம் அரைமணி நேரம் தாங்காது. வாரக் கடைசிக்குள், துணை இயக்குநருடையதையும் சேர்த்து, ஒன்பது அதிகாரிகளின் கடிகாரங்கள் வந்து சேர்ந்தன. பத்தாவது, 'மிக ரகசியம்' என்று முத்திரையிட்ட உறையில் இயக்குநர் அறையிலிருந்தே வந்தது.

போட்டி திங்கட்கிழமை காலை. ஏரிக்கரையில் சக்கரம் இரண்டு கையிலும் முழங்கை வரை கடிகாரங்களோடு நின்றார்.

"கனமா இருக்காண்ணே?"

"கனம் பரவால்ல தம்பி. பழகுறப்பவே எல்லாம் மாத்தி மாத்தி, 'களைச்சிட்டீங்க, ஓய்வெடுங்க'ன்னு காட்டுது. பதினாலு வருஷத்துல இந்த ஆபீஸ்ல யாரும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல."

அவரைத் தண்ணீரில் இறங்கச் சொன்னேன்.

பதினொரு மணிக்குப் பாராட்டுக் கூட்டம். எல்லோரும் இரண்டு மணி நேரம் பதினோரு நிமிடம் ஏழு விநாடியில் முடித்திருந்தார்கள். நாடித்துடிப்பும் ஒன்றே.

"ஒரே விநாடி! ஒரே துடிப்பு! இதுக்குப் பேர்தான் நிர்வாக ஒற்றுமை!" என்று இயக்குநர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கோப்பையை அவரே அவருக்கு வழங்கிக்கொண்டார்.

மாலையில் ஒரு குறிப்பாணையைத் தட்டச்சு செய்யும்படி எனக்கு உத்தரவு வந்தது. 'தபால் பணியாளர் இன்று, கையில் போதிய கடிகாரங்கள் இருந்தும், பத்து நிமிடம் தாமதமாக அலுவலகம் வந்துள்ளார். உரிய விளக்கம் பெறப்படும்வரை அன்னாரது பணி நிரந்தரக் கோப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.' சொன்ன சொல் தவறாமல், முதல் கையெழுத்தைத் துணை இயக்குநரே போட்டிருந்தார்.

அதைக் கொடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். சக்கரம் நிதானமாகப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு வலது கையில் மிச்சமிருந்த ஒரே கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் வாங்கிட்டாங்க. உங்களோடத மறந்துட்டீங்க தம்பி."