முந்நூற்று முப்பத்து நாலு பட்டாணி

திரையில் −32,768 என்று இருந்தது.

ப்ரொன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஒரு நொடி முன்னால் அது 32,767. அப்புறம் ஒரே ஒரு ஆடு வாசலைத் தாண்டியது. அவ்வளவுதான்.

“என்னம்மா அது, முன்னாடி ஒரு கோடு?” பண்ணை மேனேஜர் கார்மொடி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அது… மைனஸ், பாஸ்.”

“மைனஸ் ஆடா? அது எப்படி வரும்? வாலை முன்னால விட்டுக்கிட்டா?”

ப்ரொன்னுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக ஆடுகள் மரப்பாலம் தாண்டி, இக்கரையில் போட்ட எண்ணுகிற வாசல் வழியாக மேட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தன. வடக்கே குயின்ஸ்லாந்தில் பெய்த மழை ஆற்றோடு இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பாலம் முழுகிவிடும். தாழ்வில் இருந்தவை மொத்தம் 33,412. அத்தனையும் வந்துவிட்டன என்று தெரிந்தால்தான், அக்கரையில் மோட்டார் சைக்கிளில் மந்தை ஓட்டுகிற ரோரியைத் திரும்பக் கூப்பிடலாம்.

ரோரி அவள் புருஷன்.

எண்ணுகிற புரோகிராமும் அவள் எழுதியதுதான். யாரும் சொல்லித் தரவில்லை, சமையல் மேசையில் உட்கார்ந்து தானே கற்றது. எண்ணிக்கையைப் போட எவ்வளவு பெரிய டப்பா வேண்டும் என்று அந்த மொழி முதலிலேயே கேட்டது. எதற்கு வீணாக என்று சின்னதாகக் கொடுத்தாள். அந்த டப்பா 32,767 வரை தாங்கும். மேலே ஒன்று போட்டால் வழியாது. குட்டிக்கரணம் அடித்து அடிமட்டத்துக்குப் போய்விடும். நாற்பது ஆட்டை ஓட்டிச் சோதித்தவளுக்கு இது எங்கே தெரிந்தது?

டிங்!

நூறு ஆட்டுக்கு ஒரு தடவை அடிக்கிற மணி. வாசல் கம்பத்தில் அது தனிப் பெட்டி, லேப்டாப்போடு சேர்த்தியில்லை. நூறு எண்ணும், அடிக்கும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விளையாட்டாகச் செய்து மாட்டியிருந்தாள்.

“அந்தக் கோட்டை எடுத்துடு. கண்ணை உறுத்துது” என்றார் கார்மொடி.

அதுவும் சரிதான் என்று பட்டது. திரையில் மைனஸ் தெரியாதபடி ஒரு வரி சேர்த்தாள். எண் நல்ல பிள்ளையாக நின்றது. நின்றது எங்கே, இறங்க ஆரம்பித்தது. 32,720. 32,719. 32,718.

“ஏய்! ஆடு உள்ள வருது, எண்ணிக்கை குறையுது! பின்பக்கம் வேலி பிச்சுக்கிச்சா? திரும்ப ஓடுதுங்களா?”

“இல்ல பாஸ், அது அடியிலேருந்து மேல வருது, கோடு இல்லாததால—”

கார்மொடி அதற்குள் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோயிருந்தார். “ரோரி! ஆடுங்க எங்கேயோ திரும்புது. நாணல் பள்ளத்துல போய்ப் பாரு!”

“தண்ணி முட்டி வரைக்கும் இருக்கு பாஸ்” என்றது ரோரியின் குரல்.

“சீக்கிரம் போ அப்ப!”

பாலத்திலிருந்து ரோரி இன்னும் ஒரு மைல் தள்ளிப் போனான்.

இனி ஒரே வழி, பெரிய டப்பா. சட்டென்று மாற்றி, புரோகிராமை நிறுத்தித் தொடங்கினாள். கிழட்டு லேப்டாப் அதோடு தானும் படுத்துவிட்டது. எழுந்திருக்க எட்டு நிமிஷம். பாலத்தில் ஆட்டை நிறுத்தவும் முடியாது. மிரண்டால் ஆற்றில் குதிக்கும். அவை பாட்டுக்கு வந்துகொண்டேயிருந்தன.

டிங்!

லேப்டாப் கண் விழித்தது. திரையில் 0.

“பூஜ்யம்” என்றார் கார்மொடி, ரொம்ப நிதானமாக. “மூணு நாளா நான் தூங்கல. பூஜ்யம்.”

கண்ணுக்குத் தெரிந்த கடைசி ஆடு தாண்டியபோது அது 211 காட்டியது. எதோடு எதைக் கூட்டுவது என்று யாருக்கும் தெரியாது. பாலத்துப் பலகைகளைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

“நல்லவேளை, உன்னை நம்பி நான் மோசம் போகல. டேரல்!”

பழைய முறையில் எண்ணுவதற்குக் கார்மொடி வைத்திருந்த டேரல் வேலிக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தான். தொப்பியை ஒரு காது மறைய இழுத்துவிட்டிருந்தான். ஓடுகிற ஆட்டை மும்மூன்றாக எண்ணுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனை அடிக்க ஆளில்லை. நூறுக்கு ஒரு காய்ந்த பட்டாணியை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவான். மூன்று நாளும் அசையவில்லை. திடீரென்று தலையில் கை வைப்பான், “அடச்சே!” என்பான். ப்ரொன் ஒருமுறை என்னவென்று கேட்டதற்கு, பேசாதே என்று கை காட்டினான். இப்படி ஒரு கவனமா என்று அவளுக்கு வெட்கமாகப் போனது.

பிக்கப் வண்டியின் பின்கதவில் பட்டாணியைக் கொட்டினார்கள். கார்மொடி பத்துப் பத்தாகப் பிரித்தார். முப்பத்து மூன்று பத்து. ஒன்று, இரண்டு, மூன்று…

“நாலு. முந்நூத்தி முப்பத்து நாலு. டேரல், மேல சில்லறை?”

“நூறு சேரல பாஸ். ஏதோ கொஞ்சம்.”

“முழுசா வந்தாச்சு! ரோரி, திரும்பு! பாலத்துக்கு வா!”

பாலத்தின் மேல் தண்ணீர் ஒரு சாண் ஓடும்போது மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு இக்கரை ஏறியது. ரோரி சேற்றில் பிடித்துவைத்த பொம்மை மாதிரி இருந்தான். ப்ரொன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இந்த ஆளோட ரெண்டு கண்ணும் ஒரு பை பட்டாணியும்தான் உன் புருஷனைக் கரை சேர்த்துச்சு, தெரியுதா?” கார்மொடி கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு வாசல் கம்பத்துக்கு நடந்தார். “உன் மெஷின் திங்கக்கிழமை தபால் வண்டியில ஊருக்குப் போகுது. நீ கூடப் போறியா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கு மேட்டுக் குட்டிங்களையும் டேரலே எண்ணட்டும்.”

ப்ரொன் தலையை ஆட்டினாள்.

குறடு மணியின் வயரைக் கவ்வியது.

“ஐயய்யோ பாஸ், அதை வெட்டாதீங்க!” டேரல் பதறிக் குதித்ததில் தொப்பி விழுந்தது, காதிலிருந்து ரேடியோ வயர் தொங்கியது. “நாளைக்கு டெஸ்ட் மேட்ச்சு கடைசி நாள். மணி அடிக்கலன்னா எப்பப் பட்டாணி மாத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”